இயற்கைப் பாடமும் மண்ணின் கேள்வியும்

மலையகத் தோட்டப் பாடசாலை ஒன்றின் வகுப்பறையை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். கரும்பலகையில் செவ்வரத்தம் பூவின் படம் வரையப்பட்டிருக்கின்றது. அல்லியும் புல்லியும் கேசரமும் சூலகமும் கோடிட்டுக் குறிக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளைகள் அதனைத் தம் கொப்பிகளில் பார்த்து வரைகின்றனர். யன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம்வரை தேயிலை. அப்பிள்ளைகளின் தாய்மார் அதனிடையே நின்று கொழுந்து பறிக்கின்றனர். தேயிலை இயல்பில் ஒரு மரமாகும். கத்தி படாது விட்டால் அது ஓங்கி வளர்ந்து, பூத்துக் காய்க்கும். அதனைக் கவ்வாத்துச் செய்து இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது, பறிக்கும் கைக்கு எட்டவேண்டும் என்பதற்காகவும் கொழுந்து மேன்மேலும் துளிர்க்கவேண்டும் என்பதற்காகவுமே. ஒரு தாவரத்தின் உருவமே உழைப்பின் தேவைக்கும் இலாபத்தின் தேவைக்கும் ஏற்ப அமைக்கப்பட்டிருக்கின்றது. ஆயின் இந்த உண்மை கரும்பலகையில் இடம்பெறுவதில்லை.

இதனை ஓர் ஆசிரியரின் குறையென்று கூறிவிட்டு அமைதல் எளிது. அவ்வாறு கூறுவது நீதியாகாது. அந்த ஆசிரியர் தமக்குத் தரப்பட்ட நூலைக் கற்பிக்கின்றார். பரீட்சை கேட்பதைக் கற்பிக்கின்றார். எதனைப் பிள்ளைக்குக் காட்டுவது, எதனைக் காட்டாது விடுவது என்ற முடிவு அவர் பிறப்பதற்கு முன்னரே வேறு இடங்களில், வேறு தேவைகளுக்காக எடுக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு இயற்கையைக் கற்பித்தல் என்பது கள்ளங்கபடமற்ற, எவருக்கும் தீங்கு செய்யாத ஒரு நற்காரியமாகத் தோன்றலாம். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றிலே வர்க்க நலன்களும் உண்டு. அவ்வரலாற்றின் சில கட்டங்களை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

* * *

இயற்கையைப் பிள்ளை நேரிற் கண்டு கற்கவேண்டும் என்ற எண்ணம் பழையது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் றூசோ, 1762ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எமீல்' என்னும் நூலில் அதனை வற்புறுத்தினார். சுவிற்சர்லாந்தின் பெஸ்தலோசி ஏழைப் பிள்ளைகளிடையே அதனைச் செயற்படுத்த முனைந்தார். ஆயினும் 'இயற்கைப் பாடம்' என்னும் பெயரோடு அது ஒரு பெரும் இயக்கமாக வளர்ந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்க ஐக்கிய நாடுகளிலாகும்.

அவ்வியக்கத்துக்கு வித்திட்டோருள் ஒருவர் லூயி அகாசி என்னும் விஞ்ஞானி. 1873ஆம் ஆண்டுக் கோடையில், மசாசூசெற்ஸ் கரைக்கு அப்பாலுள்ள பெனிகீஸ் என்னும் சிறு தீவிலே ஏறத்தாழ ஐம்பது ஆசிரியர்களை, ஆண்களும் பெண்களுமாக, அவர் ஒன்றுகூட்டினார். நூல்களை ஒருபுறம் வைத்துவிட்டுக் கடலுயிர்களைக் கையிலெடுத்து, கண்ணால் ஆராய்ந்து கற்குமாறு அவர்களைப் பயிற்றினார். அவ்வாண்டின் இறுதியிலேயே அவர் காலமானார். எனினும் அங்குப் பயின்றோர் அம்முறையை நாடெங்கும் கொண்டுசென்றனர்.

இதே அகாசியின் மறுபக்கத்தையும் நாம் மறத்தலாகாது. கறுப்பு மக்கள் வெள்ளையரினின்றும் வேறான தோற்றமுடையோர் என்பது அவர் கொள்கை. அதனை நிலைநாட்டும் பொருட்டு, 1850ஆம் ஆண்டில் தென் கரொலைனாவில் அடிமைகளாயிருந்த ஆண்களையும் பெண்களையும் ஆடை களையச் செய்து நிழற்படம் எடுப்பித்தார். 'நூலை நம்பாதே, கண்ணை நம்பு' என்று கற்பித்த பேராசானின் கண்ணே இவ்வளவு பெரிய பொய்யைக் கண்டது. கண்ணால் காண்பது மட்டும் போதாது. காண்பவர் எங்கே நின்று காண்கின்றார், எதனைக் காண விரும்புகின்றார் என்பனவும் முக்கியமானவை. இயற்கைக் கல்வியின் வரலாற்றுக்குள் நுழையும்போதே நாம் பெறும் முதற் பாடம் இதுவாகும்.

* * *

1890களின் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண்மை பெரும் நெருக்கடிக்குள்ளாயிற்று. விளைபொருள்களின் விலை வீழ்ந்தது, கடன் பெருகியது. நிலத்தை விட்டு நீங்கிய கிராமத்து மக்கள் நியூயோர்க் நகரை நோக்கிச் சென்றனர். அவர்களுக்கு நிவாரணம் அளிக்கவேண்டிய சுமை நகரத்துத் தரும தாபனங்களின்மேல் விழுந்தது. அத்தாபனங்களை நடாத்திய செல்வர்கள், இம்மக்கள் கிராமத்தை விட்டு ஏன் வருகின்றனர் என்று ஆராயத் தலைப்பட்டனர். அவர்கள் கண்ட பரிகாரங்களுள் ஒன்று, கிராமப் பாடசாலைகளில் இயற்கைப் பாடத்தைப் புகுத்துவதாகும். வயலையும் பூச்சியையும் பறவையையும் நேசிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை மண்ணை விட்டு நீங்காது என்று அவர்கள் எண்ணினர். நியூயோர்க் மாநில அரசு பணம் ஒதுக்க, கோர்னெல் பல்கலைக்கழகம் அப்பணியை மேற்கொண்டது. லிபர்ட்டி ஹைட் பெய்லி அதற்குத் தலைமை தாங்கினார்.

விலை வீழ்ச்சியும் வட்டியும் விரட்டிய மக்களை, வண்ணத்துப் பூச்சியின்மீது கொண்ட அன்பினால் தடுத்து நிறுத்திவிடலாம் என்று எண்ணிய அக்கனவான்களை நோக்கி நாம் இன்று நகைக்கலாம். ஆயின் அதனோடு நின்றுவிடுவோமாயின் அது முழு உண்மையாகாது. அப்பணியில் ஈடுபட்டவர்களிடம் உண்மையான ஆர்வம் இருந்தது. 'ஜோன் மாமா' என்று பிள்ளைகளால் அழைக்கப்பட்ட ஜோன் ஸ்பென்சர், இளம் இயற்கையாளர் கழகங்களை அமைத்து, ஆயிரக்கணக்கான சிறாரோடு கடிதத் தொடர்பு கொண்டார். அன்னா பொட்ஸ்போர்ட் கொம்ஸ்ரொக் அம்மையார், தாம் ஆசிரியர்களுக்கெனப் பல ஆண்டுகளாக எழுதிய பாடங்களைத் தொகுத்து, 1911ஆம் ஆண்டில் இயற்கைப் பாடக் கைந்நூல் ஒன்றை வெளியிட்டார். பாதையோரத்துக் களையையும் வீட்டு ஈயையும்கூட ஒரு பாடமாக்கலாம் என்று அந்நூல் காட்டியது. தமக்கு விடை தெரியாத கேள்வியைப் பிள்ளை கேட்டால் ஆசிரியர் அஞ்சவேண்டியதில்லை, பிள்ளையோடு சேர்ந்து தேடலாம் என்ற துணிவையும் அது ஊட்டியது. நட்டந்தான் வரும் என்று கருதப்பட்ட அந்நூல் இருபதுக்கு மேற்பட்ட பதிப்புக்களைக் கண்டது.

எனவே, அவ்வியக்கத்துள் இரு வேறு நோக்கங்கள் ஒன்றாகக் கலந்திருந்தன. ஒன்று, ஏழையின் பிள்ளையை அவனிருந்த இடத்திலேயே கட்டிவைக்கும் நோக்கம். மற்றையது, எந்தப் பிள்ளைக்கும் கண்ணைத் திறந்துவிடும் நோக்கம். பின்னைய வரலாறு முழுவதும் இவ்விரண்டுக்குமிடையே நிகழ்ந்த போராட்டமே எனலாம்.

* * *

அப்போராட்டத்தின் கூர்மையான வடிவத்தைக் காண அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்துக்குச் செல்லவேண்டும். அங்கே டஸ்கீகி என்னுமிடத்தில் கறுப்பு மக்களுக்கெனப் புக்கர் வாஷிங்டன் அமைத்த கல்வி நிலையத்துக்கு, 1896ஆம் ஆண்டில் ஜோர்ஜ் வாஷிங்டன் காவர் என்னும் தாவரவியலாளர் வந்து சேர்ந்தார். அவர் அடிமைத் தாயின் வயிற்றிற் பிறந்தவர். நிலக்கடலையிலிருந்து பல பொருள்களைச் செய்தவர் என்ற அளவிலேயே உலகம் அவரை நினைவுகூர்கின்றது. அவரது பெரும்பணி மண்ணைப் பற்றியதாகும்.

தலைமுறை தலைமுறையாகப் பருத்தியொன்றையே பயிரிட்டதனால் அப்பகுதியின் மண் செத்துக் கிடந்தது. காவர் ஏழை உழவருக்கு எளிய மொழியிற் கைந்நூல்களை எழுதினார். பணம் கொடுத்து உரம் வாங்க வழியில்லாதோர் காட்டுச் சருகையும் சதுப்பு நிலத்துச் சேற்றையும் எருவாக்கலாம் என்றார். அவரை இனப் பயிர்களின் வேர் முடிச்சுக்களில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குச் சேர்க்கின்றன. ஆகவே பருத்திக்கு மாற்றாகக் காராமணியையும் நிலக்கடலையையும் பயிரிடுக என்றார். 1906ஆம் ஆண்டிலிருந்து, கருவிகளையும் விதைகளையும் ஏற்றிய வண்டியொன்று டஸ்கீகியிலிருந்து கிராமந்தோறும் சென்றது. கிராமப் பாடசாலைகளில் இயற்கைப் பாடத்தையும் தோட்ட வேலையையும் கற்பிப்பது பற்றி 1910ஆம் ஆண்டில் அவர் ஒரு கைந்நூலை வெளியிட்டார். கோர்னெலில் பொழுதுபோக்குப் போலத் தோன்றக்கூடிய பாடம், டஸ்கீகியில் வயிற்றுப் பிரச்சினையாக மாறியது.

ஆயினும் காவரின் போதனை ஒரு சுவரில் மோதியது. அவ்வுழவர்களிற் பெரும்பாலோர் நிலச் சொந்தக்காரரல்லர், வாரக் குடிகள். விதைக்கும் உணவுக்கும் அவர்கள் வணிகரிடம் கடன்பட்டனர். கடன் கொடுத்தவர் வரவிருக்கும் பருத்தி விளைச்சலையே ஈடாகக் கேட்டார். பருத்தியே பயிரிடவேண்டும் என்பது கடனின் நிபந்தனையாயிற்று. காராமணி மண்ணுக்கு உயிரூட்டும் என்பதை உழவன் அறிந்திருந்தும், அதனைப் பயிரிடும் சுதந்திரம் அவனுக்கு இருக்கவில்லை. மண்ணின் நோய்க்கு மருந்து விஞ்ஞானத்திடம் இருந்தது. அந்த மருந்தை இடும் உரிமை கணக்குப் புத்தகம் வைத்திருந்தவனிடம் இருந்தது.

கறுப்புப் பிள்ளைகளுக்கு வேளாண்மையும் கைத்தொழிலுமே போதும் என்ற போக்கை எதிர்த்து டு பொய்ஸ் 1903ஆம் ஆண்டில் குரலெழுப்பியதன் நியாயத்தையும் இங்கு நாம் உணரலாம். மண்ணைப் பற்றிய அறிவு வேண்டாம் என்பதல்ல அவரது வாதம். வெள்ளையரின் பிள்ளைக்கு வானமெல்லாம் திறந்திருக்க, கறுப்பரின் பிள்ளைக்கு மட்டும் கலப்பையைக் காட்டி, 'இதுவே உனக்கேற்ற கல்வி' என்று சொல்லும் அநீதியையே அவர் எதிர்த்தார்.

* * *

குடியேற்ற நாடுகளை ஆண்டோருக்கு இந்த 'ஏற்ற கல்வி' மிகவும் உவப்பாயிருந்ததில் வியப்பில்லை. அமெரிக்கத் தரும நிதியொன்றின் சார்பில் 1920களில் ஆபிரிக்காவை ஆராய்ந்த பெல்ப்ஸ்-ஸ்ரோக்ஸ் ஆணைக்குழுவினர் டஸ்கீகியையே முன்மாதிரியாகக் காட்டினர். 1925ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு வெளியிட்ட ஆபிரிக்கக் கல்விக் கொள்கையும், கல்வி மக்களின் தொழிலுக்கும் சூழலுக்கும் மரபுக்கும் ஏற்ப அமைதல் வேண்டும் என்றது. கேட்பதற்கு இனிமையான கொள்கை. ஆனால் அதனை வகுத்தோர் தம் சொந்தப் பிள்ளைகளை அவ்வாறு ஏற்பமைந்த பாடசாலைக்கு அனுப்பவில்லை.

இலங்கையின் அனுபவமும் இதனின்றும் வேறுபட்டதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே அரசினர் சுயமொழிப் பாடசாலைகளிற் பாடசாலைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. 1930களில், கண்டி மாவட்டத்து ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று உருவாயிற்று. பிள்ளையின் சுற்றாடலையும் வேளாண்மையையும் கைப்பணியையும் சுகாதாரத்தையும் மையமாகக் கொண்ட திட்டம் அது. கல்விக்குப் பொறுப்பாயிருந்த கன்னங்கரா அதற்கு ஆதரவு நல்கினார். கற்பித்தல் முறை என்ற அளவில் அதனைக் குறைகூறுவதற்கு அதிகமில்லை. ஆயினும் பெற்றோர் அதனை ஐயத்தோடு நோக்கினர். ஆங்கிலப் பாடசாலையிற் கற்றவனுக்கு உத்தியோகம். எம் பிள்ளைக்கு மண்வெட்டியா என்று அவர்கள் கேட்டனர்.

அக்கேள்வியை அறியாமையென்று தள்ளிவிடுவோர் இன்றும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. இருவகைப் பாடசாலைகளாற் பிளவுண்டு கிடந்த சமுதாயத்தில், ஒருவகைப் பாடசாலையில் மட்டும் புகுத்தப்படும் எத்துணைச் சிறந்த முறையும் ஏழையின் கண்ணுக்குச் சிறைக்கதவாகவே தோன்றும். 1945ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் வழியே தம் பிள்ளைகளை மேலே அனுப்பவே அப்பெற்றோர் விரும்பினர். அவ்விருப்பத்தில் ஒரு சமுதாய விமர்சனம் அடங்கியிருந்தது.

பின்னர் 1972ஆம் ஆண்டில், முந்திய ஆண்டின் இளைஞர் கிளர்ச்சி எழுப்பிய கேள்விகளின் நிழலில், ஐக்கிய முன்னணி அரசாங்கம் பாடவிதானத்தைத் திருத்தியது. ஒன்றிணைந்த விஞ்ஞானம் வந்தது. பிரதேசத்தின் தொழில்களை மாணவர் ஆராய்ந்து கற்கும் முன்தொழிற் கல்வியும் வந்தது. இம்முறை அது எல்லாப் பாடசாலைகளுக்கும் பொதுவாயிருந்தது. இது பெரும் முன்னேற்றமாகும். ஆனால் அதே ஆண்டுகளிலேதான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் புகுந்தது. ஒவ்வொரு புள்ளியும் வாழ்வா சாவா என்றாகிவிட்ட தமிழ் மாணவன், தன் ஊர்த் தச்சனின் உளியை ஆராயப் பொழுதுக்கு எங்கே போவான்? பரீட்சையின் கட்டமைப்பு மாறாதிருக்கப் பாடத்தின் உள்ளடக்கம் மட்டும் மாறியது. 1977இல் ஆட்சி மாறியபோது முன்தொழிற் கல்வியும் கைவிடப்பட்டது.

* * *

அதே 1972ஆம் ஆண்டில், மனிதனின் சுற்றாடல் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாடு ஸ்ரொக்ஹோமில் கூடியது. சுற்றாடற் கல்வி என்ற சொல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. மாநாட்டின் ஆரவாரத்துக்கு வெகு தொலைவில், இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்கபாத் மாவட்டத்திலே 16 நடுநிலைப் பாடசாலைகளில் ஒரு முயற்சி தொடங்கியது. 2022ஆம் ஆண்டில் நர்மதாபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட மாவட்டம் அது. கிஷோர் பாரதி என்னும் நிறுவனமும் ரசூலியாவிலிருந்த நண்பர்கள் கிராமிய நிலையமும் இணைந்து அரசினர் பாடசாலைகளில் இம்முயற்சியை மேற்கொண்டன. டில்லிப் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகளும் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகளும் கிராமத்து ஆசிரியர்களோடு சமமாக அமர்ந்து பாடங்களை உருவாக்கினர்.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் நான்கு பேர் கொண்ட சிறு குழுக்களாக அமர்ந்தனர். பாடநூல் விடை தரவில்லை, கேள்வி தந்தது. இலைகளைச் சேகரித்து எவ்வெவ்வாறெல்லாம் வகைப்படுத்தலாம் என்று பிள்ளைகளே முடிவு செய்தனர். வயலுக்கும் ஓடைக்கும் சென்று கண்டதைக் குறித்தனர். வகுப்பிலே அதுபற்றி வாதிட்டனர். பரீட்சையில் நூலைத் திறந்து வைத்துக்கொண்டே விடையெழுதலாம், செய்முறைக்கும் புள்ளியுண்டு. மனப்பாடத்தின் ஆட்சியை முறிப்பதற்கு அவர்கள் முதலிற் பரீட்சையையே மாற்றினர் என்பது குறிப்பிடத்தக்கது. இலங்கை 1972இல் செய்யத் தவறியதும் அதுவே.

'சவால்' என்றால் ஹிந்தியிற் கேள்வி. சவாலிராம் என்னும் ஒரு கற்பனை மனிதரைப் பாடநூல் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தது. மனத்தில் எழும் எந்தக் கேள்வியையும் அவருக்கு எழுதலாம். பிள்ளைகள் எழுதினர், விடையும் பெற்றனர். கோர்னெலின் ஜோன் மாமா பல்லாண்டுகளுக்குப் பின் நர்மதைக் கரையில் மறுபிறவி எடுத்தார் போலும்! ஆனால் ஒரு வேறுபாடு. ஜோன் மாமாவை அனுப்பியவர்கள் பிள்ளைகள் ஊரிலேயே இருக்கவேண்டும் என்று விரும்பியவர்கள். சவாலிராமை அனுப்பியவர்கள் பிள்ளைகள் கேள்வி கேட்கவேண்டும் என்று விரும்பினர்.

கேள்விக்கு அம்மாவட்டத்திற் பஞ்சமிருக்கவில்லை. 1970களில் தவா அணையின் நீர் கால்வாய் வழியே கரிசல் மண்ணுக்குப் பாய்ந்தபோது, ஈரத்தை நெடுநாள் தாங்கும் அம்மண்ணில் நீர் தேங்கிப் பல வயல்கள் பாழாயின. 1977ஆம் ஆண்டில் உழவர்கள் மண்ணைக் காக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். எல்லா மண்ணுக்கும் ஒரே நீர்ப்பாசனம் என்ற பெருந்திட்டத்தின் பிழையை, தம் மண்ணைத் தொட்டறிந்தவர்கள் கண்டுகொண்டனர். மண்ணின் தன்மையை அறிதல் என்பது பாடநூலின் ஓர் அத்தியாயம் மட்டுமன்று, அரசின் திட்டத்தை எதிர்த்து வாதிடும் ஆற்றலும் அதுவே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

1978இல் இத்திட்டம் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982இல் ஏகலவ்யா என்னும் நிறுவனம் தோன்றி அதனை முன்னெடுத்தது. காலப்போக்கில் 15 மாவட்டங்களில் ஏறத்தாழ ஆயிரம் பாடசாலைகளை அது எட்டியது. பின்னர், 2002ஆம் ஆண்டு ஜூலையில் மாநில அரசு அதனை நிறுத்திவிட்டது. இந்தியாவின் உயர் நீதிமன்றம் சுற்றாடற் கல்வியைக் கட்டாயமாக்கப் பணித்தது 1991ஆம் ஆண்டில். அப்பணிப்பின்பின் பதினொரு ஆண்டுகள் கழிந்த நிலையில், கண்ணும் கையும் மூளையும் ஒன்றுசேர்ந்து இயங்கிய முப்பதாண்டுக் கல்வி முயற்சியொன்று ஓர் அரச ஆணையால் முடிவுற்றது.

நிறுத்தியோர் கூறிய வாதத்தை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். மாநிலத்தின் ஏனைய பிள்ளைகள் படிக்கும் நூலையே எம் மாவட்டத்துப் பிள்ளைகளும் படிக்கவேண்டும். இல்லையேல் பொதுப் பரீட்சையிலும் போட்டியிலும் பின்தங்குவர் என்பதே அவ்வாதம். ஹந்தெஸ்ஸவின் பெற்றோர் எழுப்பிய அதே கேள்வி! அரசியல்வாதிகள் அதனைத் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்தினர் என்பது உண்மையாயிருக்கலாம். ஆயினும் அவர்கள் பற்றிக்கொள்ளக்கூடிய ஓர் உண்மையான அச்சம் அங்கு இருந்தது. ஏற்றத்தாழ்வுள்ள கல்வி அமைப்பினுள் ஒரு தீவாக நிற்கும் எந்த நல்ல முயற்சிக்கும் இவ்வாபத்து உண்டு. நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய கல்வியாக அது மாறவேண்டும். அன்றேல் ஒருநாள் சமத்துவத்தின் பெயராலேயே அது மூடப்படும்.

* * *

இவ்வரலாற்றிலிருந்து நாம் இரண்டு உரைகற்களைப் பெறுகின்றோம். இயற்கைக் கல்வி என்று எவர் எதனைக் கொண்டுவரினும் நாம் இரு கேள்விகளைக் கேட்கவேண்டும். முதலாவது: இக்கல்வி எல்லாப் பிள்ளைகளுக்குமா, ஏழையின் பிள்ளைக்கு மட்டுமா? இரண்டாவது: பிள்ளையின் கேள்வி எந்த இடத்தில் நிறுத்தப்படுகின்றது?

இலங்கையில் 1990களின் இறுதியில் வந்த சீர்திருத்தம், ஆரம்ப வகுப்புக்களிற் சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்னும் பாடத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகப் புகுத்தியது. முதலாவது உரைகல்லில் அது தேறிவிடுகின்றது. இரண்டாவது கேள்விக்கு விடை பாடத்திட்டத்தில் இல்லை. ஆசிரியரின் கையிலேதான் இருக்கின்றது.

நாம் தொடங்கிய தோட்டப் பாடசாலைக்கே மீள்வோம். அங்கே ஒரு பிள்ளை, 'இம்மலையில் ஏன் தேயிலை மட்டும் நிற்கின்றது?' என்று கேட்பதாகக் கொள்வோம். இது இயற்கை பற்றிய கேள்வியா, வரலாறு பற்றிய கேள்வியா? இரண்டுமேயாம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரிய சொத்தென்று பிரகடனம் செய்தது. அந்நிலம் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. காடு அழிந்து கோப்பி எழுந்தது. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலைகளின் கீழ்ப்புறத்திற் செம்மஞ்சட் பொட்டுக்கள் தோன்றின. ஒரு பூஞ்சணத்தின் வேலை அது. மலைக்கு மலை இடையீடின்றி ஒரே பயிர் நின்றமையால், காற்றிற் பறந்த அதன் வித்திகளுக்குத் தடையே இருக்கவில்லை. 1880இல் இங்கு வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி அந்நோய் பரவும் முறையை ஆராய்ந்து தெளிவாக்கினார். ஆனால் காலங் கடந்துவிட்டது. சில ஆண்டுகளுள் கோப்பி வீழ்ந்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் நாட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

கோப்பி பருவத்துப் பயிர். தென்னிந்தியத் தொழிலாளர் அறுவடைக்கு வந்து மீண்டும் ஊர் செல்லலாம். தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டும். ஆதலின் குடும்பம் குடும்பமாக நிலைத்து வாழும் தொழிலாளர் தேவைப்பட்டனர். லயங்கள் பெருகின, பிள்ளைகள் பிறந்தனர். அப்பிள்ளைகளுக்கென 1907ஆம் ஆண்டின் சட்டம் தோட்டப் பாடசாலையைக் கொணர்ந்தது. அவர்களின் பெற்றோரைப் பெருந்தொகையாக நாடற்றவராக்கியது 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம். ஆகவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சணத்திலிருந்து, அந்த வாங்கிலே அமர்ந்திருக்கும் பிள்ளைவரை ஒரு சங்கிலி நீள்கின்றது. நுண்ணுயிரும் சட்டமும் சந்தையும் அதன் கண்ணிகள். இதைவிடச் சிறந்த இயற்கைப் பாடம் எது?

இச்சங்கிலி கடந்த காலத்தோடு முடிந்துவிடவில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. காலையிலே பாடசாலைக்குச் சென்றுவிட்டமையால் உயிர் தப்பிய பிள்ளைகளும் உண்டு. ஆணிவேர் ஆழமாக ஓடிய காடு இருந்த சரிவில் மழைநீர் எவ்வாறு நடந்துகொண்டது, இன்று எவ்வாறு நடந்துகொள்கின்றது, நிலத்தில் வெடிப்புத் தோன்றினால் அதன் பொருள் என்ன என்பவற்றைக் கற்பிப்பது இயற்கைப் பாடம். எச்சரிக்கை கிடைத்தபின்னும் அம்மக்கள் ஏன் அவ்விடத்தை விட்டு நீங்க இயலவில்லை, வேறு நிலம் ஏன் அவர்களுக்கு இருக்கவில்லை என்று கேட்கும்போது அப்பாடம் முழுமை பெறுகின்றது. முதற்பாதியோடு நிறுத்திக்கொள்ளும் ஆசிரியர், தம்மையறியாமலே இறந்தோரின்மீது குற்றத்தைச் சுமத்திவிடக்கூடும்.

ஒவ்வொரு பிரதேசத்திலும் இத்தகைய பாடம் காத்துக்கிடக்கின்றது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைக் கிணற்றையே எடுத்துக்கொள்வோம். வற்றாத ஆறில்லாத அக்குடாநாட்டுக்குச் சுண்ணக்கல்லின் அடியிலே தேங்கும் மழைநீரே உயிர். தோட்டத்தில் அளவின்றி இடும் உரமும் மலக்குழிகளின் கசிவும் அந்நீரில் நைத்திரேற்றைப் பெருக்கியுள்ளன. கயிற்றைக் கொண்டு கிணற்றின் ஆழத்தை மாதந்தோறும் அளக்க ஒரு பிள்ளைக்கு முடியும். உரத்தை விற்பவர் யார், வாங்கவேண்டிய நிலைக்கு உழவரைத் தள்ளுவது எது என்று கேட்கவும் முடியும். இதற்கு விலையுயர்ந்த ஆய்வுகூடம் தேவையில்லை.

இவ்வாறு கூறுவதனால், பிள்ளைக்குப் பூவின் அழகைக் காட்டவேண்டாம், புள்ளின் குரலைக் கேட்பிக்கவேண்டாம் என்பது எமது கருத்தன்று. அழகுணர்ச்சி செல்வரின் தனிச்சொத்தல்ல. ஆறுதலாக நின்று ஓர் எறும்பின் பாதையைப் பின்தொடரும் உரிமை, லயத்துப் பிள்ளைக்கும் கொழும்புப் பிள்ளைக்கும் சமமாக உண்டு. உண்மையில், உற்றுநோக்கக் கற்ற கண்ணே அநீதியையும் உற்றுநோக்கும். ஒரு மரத்தின் பெயரை அறியாதவனுக்கு அது வெட்டப்பட்டதும் தெரியாது. ஆனால் பெயரை அறிந்ததோடு அமைந்துவிடுபவன், வெட்டியவர் யார் என்று ஒருநாளும் கேட்கமாட்டான்.

ஆசிரிய நண்பர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. பரீட்சையும் பாடத்திட்டமும் உங்களை நெருக்குகின்றன என்பதை அறிவோம். அவற்றை மாற்றுவதற்கான போராட்டம் தனியொருவராற் செய்யக்கூடியதன்று; அதனைச் சங்கமாகவே செய்யவேண்டும். ஆனால் வாரத்தில் ஒரு பாடவேளையேனும் பிள்ளைகளை யன்னலுக்கு வெளியே அழைத்துச் செல்ல எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை. கவ்வாத்துச் செய்யப்பட்ட ஒரு தேயிலைச் செடியின் முன்னே அவர்களை நிறுத்துங்கள். இது ஏன் இவ்வளவு உயரத்தில் நிற்கின்றது என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவர்களின் தாய்மார் அருகிலேதான் நிற்கின்றனர். பிள்ளைகள் அவர்களிடம் கேட்டு அறிந்துகொள்வர்.